லேப்டாப்பில் மட்டும் இருக்கிறதா உங்கள் வீட்டு வரைபடம்?

சின்னமனூரில் 4 சென்ட் இடம் வாங்கி வீடு கட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் என்னென்ன இருக்கும்? பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று. இதில் பட்டா நகல் தொலைந்து போனால் பதற வேண்டியதில்லை. 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். வில்லங்கச் சான்றுக்குப் பதிவுத்துறை இணையதளம் இருக்கிறது. பத்திரமே தொலைந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்க வழி உண்டு.

ஆனால் உங்கள் வீட்டின் வரைபடம்? அதாவது பொறியாளர் ஆட்டோகேடில் போட்ட அந்த மூல ஃபைல்? அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும்: அவருடைய லேப்டாப்பில்.

ஐப்பசி மாதத்து சாயங்காலம் கம்பம் பள்ளத்தாக்கில் எப்படி இடி இடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவில் வயலும் தோப்பும் ஊரும். தென்மேற்குப் பருவத்துச் சாரலும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஒரு மின்னல், ஒரு மின்தடை, மறுநாள் காலையில் ஒரு போன்: "அண்ணே, படம் இருந்த சிஸ்டம் ஆன் ஆகலண்ணே. ஒரு வாரம் டைம் குடுங்க."

அந்த ஒரு வாரத்துக்கு என்ன விலை என்பதைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 22 ஜூலை 2024 முதல் சுயசான்று முறை நடைமுறையில் இருக்கிறது. 2500 சதுர அடி வரையிலான மனையில், 3500 சதுர அடி வரை கட்டப்படும் குடியிருப்புக்கு, உரிய ஆவணங்களையும் வரைபடத்தையும் ஒற்றைச் சாளர இணையதளத்தில் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனடியாகவே அனுமதி கிடைக்கிறது. 4 சென்ட் என்பது சுமார் 1742 சதுர அடி. எனவே நம் சின்னமனூர் வீடு இந்த வரம்புக்குள் வந்துவிடும். அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை, நல்லது. ஆனால் வரைபடம் சரியாக இருக்க வேண்டிய பொறுப்பு இப்போது உரிமையாளர் பக்கமும் பொறியாளர் பக்கமும் கூடுதலாக வந்திருக்கிறது. கட்டுவது ஒன்று, படத்தில் இருப்பது ஒன்று என்று ஆகிவிடக் கூடாது.

மூல ஃபைல் போய்விட்டால், கையில் இருக்கும் பிரிண்டை வைத்து மறுபடியும் வரைவார்கள். அங்கேதான் ஆபத்து. அவசரத்தில் வரையும்போது ஒரு தூண் 9 அங்குலம் தள்ளிப் போகலாம். கம்பி அளவு கணக்குப் போட்ட கட்டமைப்புப் பொறியாளரிடம் பழைய படம் இருக்கும், மேஸ்திரி கையில் புதுப்படம் இருக்கும். அஸ்திவாரக் குழி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. இதெல்லாம் கம்ப்யூட்டர் பிரச்சினை மாதிரி தெரிந்தாலும், கடைசியில் கான்கிரீட்டில் வந்து நிற்கிற பிரச்சினை.

ஃபைல் கெட்டுப்போனால் முதல் பத்து நிமிடம்

தேனி, போடி, பெரியகுளம், உத்தமபாளையம் என்று எங்கே போனாலும் சின்னச் சின்ன வரைகலை அலுவலகங்கள் இருக்கின்றன. ஒருவர் அல்லது இருவர், ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர். அவர்களுக்காகவும், படிப்பு முடித்து இந்தத் தொழிலுக்கு வரும் மாணவர்களுக்காகவும் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

முதல் விதி: கெட்டுப்போன ஃபைலைத் தொடாதீர்கள். அது இருக்கும் ஃபோல்டரை அப்படியே இன்னொரு இடத்துக்கு நகல் எடுங்கள். இனி எல்லாச் சோதனையும் அந்த நகலில்தான். பலர் செய்வது என்ன? திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பது, பாதி தெரிகிறதே என்று சேவ் கொடுப்பது. அந்த ஒரு சேவ், இருந்த கடைசி நல்ல நகலையும் அழித்துவிடக்கூடும். எப்படி என்று சொல்கிறோம்.

ஆட்டோகேடில் நீங்கள் ஒவ்வொரு முறை சேவ் செய்யும்போதும், அதற்கு முந்தைய நிலையை அதே ஃபோல்டரில் ஒரு தனி ஃபைலாக வைக்கிறது. பெயர் அதேதான், கடைசியில் மட்டும் டிடபிள்யூஜி என்பதற்குப் பதில் பிஏகே. ஒரே ஒரு முந்தைய நிலைதான் அதில் இருக்கும். கெட்டுப்போன படத்தை நீங்கள் திறந்து சேவ் செய்தால், கெட்டுப்போனதே பிஏகே ஆகிவிடும். அதனால்தான் முதலில் நகல்.

நகல் எடுத்த பிஏகே ஃபைலின் கடைசி மூன்று எழுத்தை டிடபிள்யூஜி என்று மாற்றினால் சாதாரண வரைபடமாகத் திறக்கும். இதில் ஒரு சின்னச் சிக்கல். விண்டோஸ் வழக்கமாக இந்தக் கடைசி எழுத்துகளை மறைத்து வைத்திருக்கும். அதைத் தெரியும்படி வைக்காமல் பெயர் மாற்றினால், பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் ஒட்டிக்கொள்ளுமே தவிர ஃபைல் வகை மாறாது. எக்ஸ்ப்ளோரரில் வியூ பகுதிக்குப் போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்துவிட்டு மாற்றுங்கள்.

இரண்டாவது இடம், தானியங்கி சேமிப்பு. ஆட்டோகேட் தானாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை (நீங்கள் மாற்றியிருக்காவிட்டால்) ஒரு நகலைத் தற்காலிக ஃபோல்டரில் எழுதுகிறது. அதன் பெயர் எஸ்வி என்று வந்து டாலர் குறியில் முடியும். படத்தை முறையாக மூடிவிட்டால் இந்த நகல் அழிந்துவிடும். கரண்ட் போய் சிஸ்டம் நின்றாலோ, மென்பொருள் தானாக மூடிக்கொண்டாலோதான் இது மிஞ்சும். அதாவது உங்களுக்குத் தேவைப்படும் நேரத்தில் இருக்கும். ஆப்ஷன்ஸ் பெட்டியில் ஃபைல்ஸ் பகுதியில் ஆட்டோமேடிக் சேவ் ஃபைல் லொகேஷன் என்று தேடினால் எந்த ஃபோல்டர் என்று தெரியும். அதையும் நகல் எடுத்து, பெயரை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறக்கலாம். "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று யாராவது டெம்ப் ஃபைல் எல்லாவற்றையும் சுத்தம் செய்யும் மென்பொருளை ஓட்டிவிட்டால் இதுவும் போச்சு. அதனால் பிரச்சினை வந்த அன்று சுத்தம் செய்யும் வேலை வேண்டாம்.

பிஏகே, எஸ்வி இரண்டையும் பத்திரப்படுத்திய பிறகுதான் பழுது பார்க்கும் கட்டளைகள். ரெக்கவர் என்ற கட்டளை கெட்ட படத்தைப் பழுது பார்த்துத் திறக்க முயலும். ரெக்கவர்ஆல் என்பது அதோடு இணைத்த மற்ற படங்களையும் சேர்த்துப் பார்க்கும். திறந்துவிட்டால் ஆடிட் என்று அடித்து, பிழைகளைத் திருத்தவா என்று கேட்டால் ஆம் சொல்லுங்கள். திறக்கவே மாட்டேன் என்றால், புதிய வெற்றுப் படம் ஒன்றைத் திறந்து அதற்குள் கெட்ட படத்தை இன்சர்ட் செய்து பாருங்கள். சில நேரம் இந்த வழியில் வந்துவிடும்.

இன்னொரு சின்னச் சோதனை. நகலை நோட்பேடில் திறந்து பாருங்கள் (சேவ் மட்டும் செய்யாதீர்கள்). புரியாத குறிகளாகத்தான் இருக்கும், ஆனால் முதல் இரண்டு எழுத்து ஏ, சி என்றும் அடுத்து நான்கு இலக்கமும் தெரியும். 1032 என்றால் 2018 வடிவம், 1027 என்றால் 2013 வடிவம். இது தெரிந்தால் ஃபைலுக்குள் உயிர் இருக்கிறது. உங்கள் மென்பொருள் பழைய பதிப்பாக இருப்பதுகூடத் திறக்காததற்குக் காரணமாக இருக்கலாம். முழுக்க வெற்றிடமாகத் தெரிந்தால், எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் உள்ளே ஒன்றுமில்லாமல் ஆகிவிட்டது என்று பொருள். ஃபைலின் அளவு பழையபடி 4 எம்பி என்று காட்டினாலும் ஏமாற வேண்டாம். அதோடு மல்லுக்கட்டாமல் வேறு நகலைத் தேடப் போகலாம்.

கட்டமைப்புக் கணக்குப் போடுபவர்களுக்குக் கொஞ்சம் நல்ல செய்தி. ஸ்டாட் ப்ரோவின் எஸ்டிடி ஃபைல் உள்ளுக்குள் வெறும் எழுத்துதான். நோட்பேடில் திறந்தால் இணைப்புப் புள்ளிகள், உத்தரங்கள், சுமைகள் எல்லாம் வரி வரியாகப் படிக்கலாம். பாதி கெட்டிருந்தாலும் மீதிப் பாதியைக் காப்பாற்றிவிடலாம். ஈடேப்ஸ் பயன்படுத்தினால், ஒவ்வொரு சேவுக்கும் அது டாலர் குறியுடன் ஈ, டி என்று முடியும் ஒரு எழுத்து நகலைத் தானே வைத்துவிடுகிறது. மாடல் திறக்கவில்லை என்றால் அதன் கடைசி எழுத்துகளை ஈ2கே என்று மாற்றி இம்போர்ட் செய்யலாம். ரெவிட்டில் ஃபைல் பெயருக்குப் பின்னால் 0001, 0002 என்று எண் போட்ட நகல்கள் அதே ஃபோல்டரில் இருக்கும். 'இடத்தை அடைக்கிறது' என்று இவற்றை அழிக்கும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எதுவுமே கிடைக்கவில்லையா? வெளியே தேடுங்கள். பிளாட்டரில் பெரிய தாள் பிரிண்ட் போட்டுக்கொடுக்கும் கடையின் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபைல் இன்னும் இருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலில், சென்ட் பெட்டியில் இருக்கலாம். வாட்ஸ்ஆப்பில் டாக்குமென்டாக அனுப்பியிருந்தால், பெற்றவருடைய போனில் இருக்கலாம். அனுமதிக்காகப் பதிவேற்றிய பிடிஎஃப் இருந்தால் அதுவும் உதவும். ஆட்டோகேடிலிருந்து நேரடியாக எடுத்த பிடிஎஃப் என்றால், 2017 பதிப்பு முதல் உள்ள பிடிஎஃப்இம்போர்ட் கட்டளை அதைத் திரும்பக் கோடுகளாக மாற்றித் தரும். அளவுக் குறிப்புகள் வெறும் கோடும் எழுத்துமாகத்தான் வரும், ஸ்கேலைச் சரிபார்க்க வேண்டும். ஆனாலும் வெறும் தாளிலிருந்து வரைவதைவிட எவ்வளவோ மேல். ஸ்கேன் செய்த பிடிஎஃபில் இது நடக்காது. அது படம் மட்டுமே.

தவறுதலாக டெலீட் செய்துவிட்டால், பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் மீட்பு மென்பொருளால் எடுக்க வாய்ப்பு உண்டு. அந்த டிஸ்க்கில் வேறு எதையும் எழுதாமல் உடனே நிறுத்த வேண்டும். இப்போது வரும் லேப்டாப்களில் இருக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. அழித்த இடத்தை அது தானே சீக்கிரம் துடைத்துவிடும். கடையில் கொடுத்தால் எடுத்துத் தருவார்கள் என்ற நம்பிக்கையை எஸ்எஸ்டி விஷயத்தில் வைக்காதீர்கள்.

ஒரு நாடே மாட்டிக்கொண்ட கதை

"நாங்க சின்ன ஆபீஸ், எங்களுக்கெல்லாம் பேக்அப் எதுக்கு" என்று சிலர் கேட்பதுண்டு. பெரிய இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். தென்கொரியாவின் டேஜோன் நகரில் உள்ள அரசுத் தகவல் மையத்தில் 26 செப்டம்பர் 2025 அன்று தீ விபத்து. லித்தியம் பேட்டரியிலிருந்து கிளம்பிய தீ. அரசு ஊழியர்கள் தங்கள் வேலை ஃபைல்களை வைத்திருந்த ஜி டிரைவ் என்ற சேமிப்பகம் முழுக்க எரிந்துபோனது. 858 டெராபைட். அளவு பெரியது என்பதால் அதற்கு வெளியே வேறு நகல் வைத்திருக்கவில்லை. தொழில்நுட்பத்தில் உலகத்துக்கே முன்னால் நிற்கும் நாடு அது.

இன்னொரு சம்பவம் 1998இல். அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்களில் பெரும்பகுதி ஒரே ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. பேக்அப் இருந்தது, ஆனால் அது சரியாக வேலை செய்யவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காக ஒரு ஊழியர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்த நகல்தான் படத்தைக் காப்பாற்றியது.

நம்ம ஊரிலேயே இதற்கு நேர்மாறான உதாரணம் இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. கம்ப்யூட்டர் இல்லாத காலம். பென்னிகுவிக் தலைமையில் நடந்த அந்த வேலையின் விவரங்களை, அதில் பங்கேற்ற பொறியாளர் ஏ.டி.மெக்கன்சி ஒரு நூலாகவே எழுதி, 1899இல் சென்னையில் அச்சிட்டார்கள். அச்சானதால் பல பிரதிகள், பல ஊர்களில். லோயர் கேம்ப் நினைவு மண்டபத்துக்குப் போய்வரும் பொறியியல் மாணவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்: 125 வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கணக்கைப் படிக்க முடிகிறது, போன வருடம் போட்ட படத்தைத் திறக்க முடியவில்லை.

மூன்று நகல், ஒன்று வெளியூரில்

உலகம் முழுக்கப் பின்பற்றும் வழக்கம் எளிமையானது. மொத்தம் மூன்று நகல். இரண்டு வேறு வகைச் சாதனங்களில். அதில் ஒன்று வேறு இடத்தில். போடியில் ஒருவர் நடத்தும் அலுவலகத்துக்கு இது எப்படி இருக்கும்? வேலை பார்க்கும் லேப்டாப் ஒன்று. தினமும் சாயங்காலம் நகல் எடுத்துவிட்டுக் கழற்றி அலமாரியில் வைக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. இணையச் சேமிப்பு ஒன்று. கூகுள் கணக்கில் 15 ஜிபி இலவசம். வீட்டு வரைபடங்களுக்கு அது தாராளம்.

'கழற்றி' என்ற சொல்லைக் கவனியுங்கள். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்க், மின்னல் வந்தாலும் லேப்டாப்போடு சேர்ந்து போகும், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் சேர்ந்து போகும். திருட்டுப் பதிப்பு மென்பொருளை எங்கிருந்தோ இறக்கி நிறுவும் இடங்களில் இந்த ஆபத்து அதிகம். அப்படி ஏதும் நடந்தால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். பணம் கட்டாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் தெரிவியுங்கள். ஆட்டோகேடுக்கென்றே வரும் வைரஸும் உண்டு. படம் இருக்கும் ஃபோல்டரில் நீங்கள் எழுதாத 'அகாட்' என்று தொடங்கும் லிஸ்ப் ஃபைல் கிடந்தால் சந்தேகப்படுங்கள். வெளியிலிருந்து வந்த ஃபோல்டரைத் திறக்கும் முன் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இணையச் சேமிப்பிலும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. லேப்டாப்போடு ஒத்திசைவாக இருக்கும் டிரைவ் ஃபோல்டரை பேக்அப் என்று நினைக்கிறோம். லேப்டாப்பில் அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டால் அங்கேயும் கெட்டதே போய்ச் சேரும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் 30 நாள் வைத்திருக்கும், பழைய பதிப்புகளையும் கொஞ்ச காலம் வைத்திருக்கும். அந்த 30 நாளுக்குள் உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் அதன் பாதுகாப்பு. எனவே ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் தேதி போட்ட தனி ஃபோல்டராக ஒரு நகல் ஏற்றிவிடுங்கள்: வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் பெயர் வைத்தால் தானாகவே வரிசையாக நிற்கும். ஃபைனல், புது ஃபைனல், ஒரிஜினல் ஃபைனல், லாஸ்ட் ஃபைனல் என்று பெயர் வைத்திருப்பவர்கள் யார் என்று இங்கே கேட்க மாட்டோம்.

ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் வாங்கிவிடுங்கள். டெஸ்க்டாப்பில் வேலை செய்பவர்களுக்கு, சேவ் செய்து மூட ஐந்து நிமிடம் கிடைத்தாலே போதும்.

வீடு கட்டுபவர் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பிரிண்ட் போட்ட தாள் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பேச்சு ஆரம்பிக்கும்போதே, கட்டணம் பேசும்போதே சொல்லிவிடுங்கள்: "தம்பி, வேலை முடிஞ்சதும் பிடிஎஃப்போட மூல ஃபைலும் குடுத்துருங்க." சில பொறியாளர்கள் மூல ஃபைலைத் தரத் தயங்குவார்கள். அவர்கள் உழைப்பு அது, வேறொருவர் மாற்றிப் பயன்படுத்திவிடுவார்களோ என்ற பயமும் நியாயம்தான். அப்படியானால் குறைந்தபட்சம் ஆட்டோகேடிலிருந்து நேரடியாக எடுத்த பிடிஎஃபையாவது கேளுங்கள். ஸ்கேன் செய்தது வேண்டாம்.

கட்டடப் படம் மட்டுமல்ல. தூண், உத்தரம், கம்பி விவரம் இருக்கும் கட்டமைப்புப் படம். சுவருக்குள் ஒயரும் தண்ணீர்க் குழாயும் போகும் பாதை. கழிவுநீர்த் தொட்டி இருக்கும் இடம். பத்து வருடம் கழித்து மாடி எடுக்கும்போது 'கீழே தூணுக்கு எத்தனை கம்பி போட்டோம்' என்ற கேள்விக்கு மேஸ்திரியின் ஞாபகம் பதில் ஆகாது. பிடிஎஃப் நகல்களை டிஜிலாக்கரில் உங்கள் சொந்த ஆவணமாக ஏற்றி வைக்கலாம். மூல ஃபைலை உங்கள் மின்னஞ்சலுக்கே ஒருமுறை அனுப்பி வையுங்கள், வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ இன்னொன்று. திறந்து பார்க்க ஆட்டோகேட் வாங்கத் தேவையில்லை. டிடபிள்யூஜி ட்ரூவியூ என்ற இலவச மென்பொருள் போதும்.

பொறியாளர்கள் கொடுக்கும்போது ஒற்றை ஃபைலாகக் கொடுக்காமல் ஈட்ரான்ஸ்மிட் கட்டளையைப் பயன்படுத்தினால் நல்லது. இணைத்த படங்கள், எழுத்துருக்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டித் தரும். கிராமப் பெயரும் புல எண்ணும் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த படம், வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். இனி யூனிகோட் எழுத்துருவில் அடியுங்கள்; பழைய படங்களுக்கு எழுத்துருவையும் சேர்த்தே சேமியுங்கள்.

மாதத்தில் ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள், சம்பள நாளோ, அமாவாசையோ, எது நினைவில் நிற்குமோ அது. அலமாரியில் இருக்கும் டிஸ்க்கை எடுத்து, அதிலிருந்து ஏதாவது ஒரு பழைய படத்தை, அந்தப் படத்தை வரையாத வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஒரு அறையின் அளவை அளந்து பிரிண்டோடு ஒப்பிடுங்கள். இணைத்த படம் காணவில்லை என்றோ, எழுத்துரு இல்லை என்றோ செய்தி வந்தால் அன்றைக்கே சரிசெய்து, பழைய தேதி ஃபோல்டரை அழிக்காமல், புது தேதியில் இன்னொரு நகல் எடுத்து வையுங்கள்.